காதுக்கும் கண்ணுக்கும் நடுவே

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பட்டப்பகல். துப்பாக்கிக் கடைக்காரன் கிளைவ் ஷட்டரை இறக்கி விளக்கையும் அணைத்துவிட்டான். இருட்டின் கோடியில் ஓர் அட்டை முயல். அதன் காதுக்கும் கண்ணுக்கும் நடுவே, குண்டு பட்டதும் வலியில்லாமல் உயிர் போகும் இடத்தில், பட்டாணி அளவில் கரும்புள்ளி. முட்டைக்கோஸ் பயிரிடும் வினிஃப்ரெட், ஏர் ரைஃபிளில் மாட்டிய, இருட்டிலும் குறிபார்க்க உதவும் மூன்றாவது ஸ்கோப்பில் கண்ணைப் பதிக்கிறாள். “முயல் நல்லாத் தெரியுதுல்ல, வினி?” “முயல் தெரிஞ்சு என்ன பண்ண? புள்ளி தெரியல. அடுத்தத மாட்டு.” “என் டீ ஆறிப் பச்சத்தண்ணியாயிடுச்சு.” “ஆறட்டும்.” நான்காவதில், பச்சை வெளிச்சத்துக்குள் புள்ளி துலங்கி நிற்கிறது. அவள் மூச்சை அடக்கிக் குறிபார்க்கிறாள். “இதுதான்.” “ஒரு முயலுக்கா இவ்வளவு பிடிவாதம்?” ரைஃபிளை இறக்காமலே சொல்கிறாள்: “திங்கக்கிழமை ஒண்ணு என் குண்டோட நொண்டிக்கிட்டே வேலிக்குள்ள போயிடுச்சு, கிளைவ். இன்னைக்கு ராத்திரி அதத்தான் தேடிப் போறேன்.”