கண் நிலவரம்

திரையில் வெள்ளைச் சுருளின் நடுவே அந்தக் கறுப்புப் புள்ளி காலையிலிருந்து அப்படியே இருந்தது.

செயற்கைக்கோள் அனுப்பும் படத்தில் புயலின் கண் அப்படித்தான் தெரியும். திறந்திருந்தால் புயல் உக்கிரமாக இருக்கிறது. மூடிக்கொண்டால் வலு குறைகிறது, கரையில் இருப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம்.

வானிலை அலுவலகத்தில் யாருக்கும் விடுப்பு இல்லை. அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறது என்று, திரையின் முன் உட்கார்ந்திருந்த அவள் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

மருத்துவமனையில் துணைக்கு இருந்த தம்பியிடம் அலுவலக எண்ணைக் கொடுத்திருந்தாள். அந்தப் பக்கம் செல்போன் கோபுரங்களைக் காற்று ஏற்கெனவே சாய்த்துவிட்டது.

மேகத்தை வேடிக்கை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா கேலி பேசுவார். ஆனால் அவளைக் கேட்காமல் குடையைத் தொட மாட்டார். இந்தப் புயலைப் பற்றி மட்டும் அவரிடம் ஒன்றும் சொல்ல முடியாமல் போனது அவள் நெஞ்சை அறுத்தது.

அடுத்த படம் வர நேரமிருந்தது. அதுவரை கரையோர ராடார் நிலையம் தொலைபேசியில் சொல்வதுதான் கதி.

தொலைபேசி அடித்தது. அவளுக்கு முன் பாய்ந்து எடுத்தவர் பக்கத்து மேசைக்காரர். அடுத்தவர் வாக்கியத்தைத் தானே முடித்துவைக்கிற ஆள். அவசரக்குடுக்கை என்றுதான் அலுவலகமே அவரைக் கூப்பிடும்.

ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். பாதியில் இணைப்பு அறுந்தது. ஆனாலும் அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஒரே இரைச்சல் சார். ஆனா கண்ணு மூடியாச்சுன்னு மட்டும் நல்லா கேட்டுச்சு."

அறையே பெருமூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள். எச்சரிக்கையைத் தளர்த்தும் அறிக்கையைத் தலைமை அதிகாரி முன்னால் இழுத்து, பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் புதிய படம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது.

கறுப்புப் புள்ளி முன்பைவிடப் பெரிதாக, விளிம்பு பிசிறில்லாமல், அகலத் திறந்திருந்தது.

அவள் அதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தாள். பிறகு தொலைபேசியைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்," என்றாள். "மூடினது புயலோட கண்ணு இல்ல."