ஒரு விரல் இடம்

“இனிமே ரெண்டும் ஒண்ணா இருந்தா சரிப்படாது. பிரிச்சு விட்டுடறதுதான் ரெண்டுக்கும் நல்லது.”

அம்மா இப்படிச் சொன்னதும் மகனுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே நினைத்தான். சமையலறையிலிருந்து அவன் மனைவியும் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

அம்மாவோ இருவரையும் பார்க்கவில்லை. ஹாலில் பழைய பெட்ஷீட்டை விரித்து, இரண்டு புதுத் தொட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலையில் வாங்கி வந்த ஸ்நேக் பிளான்டைப் பிளாஸ்டிக் தொட்டியோடு மடியில் சாய்த்து வைத்திருந்தாள். பெரிய செடியை ஒட்டி ஒரு குட்டிச் செடி முளைத்திருந்தது. அவள் சொன்னது அந்த இரண்டைப் பற்றித்தான்.

மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாவம், ஒரு மாதமாகவே அவன் அம்மாவிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தான். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் எந்த மனஸ்தாபமும் இல்லை. சண்டை போடக்கூட அந்த வீட்டில் இடம் இல்லை என்பதுதான் பிரச்சினை. இருந்த ஒரே ரூம் மகனுக்கும் மருமகளுக்கும், ஹால் சோபா அம்மாவுக்கு. ராத்திரி எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதென்றாலும் திருடனைப் போலப் பூனைநடை நடந்து சோபாவைத் தாண்ட வேண்டும்.

அதனால் புருஷனும் பெண்டாட்டியுமாகக் காதும் காதும் வைத்த மாதிரி ஒரு வீடு பார்த்தார்கள். வெயில் எட்டிக்கூடப் பார்க்காத வீடு, பகலிலேயே விளக்குப் போட வேண்டும். ஆனால் அம்மாவின் தையல் கடைக்கு நேர் எதிரே, மாடியில். ஜன்னலைத் திறந்தால் அம்மா மெஷின் மிதிப்பது தெரியும் என்பதற்காகவே இருவருக்கும் பிடித்துப்போனது.

அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் அந்த வீடும் கைநழுவிப் போயிற்று. யாரோ முந்திக்கொண்டார்கள் என்று புரோக்கர் நேற்று போனில் சொல்லிவிட்டார். இனி எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டுமோ, அதற்கு முன் அம்மாவிடம் எப்படி வாயைத் திறப்பதோ என்று அவன் தவித்துக்கொண்டிருந்தான்.

“மசமசன்னு நிக்காம இதைப் பிடிடா,” என்றாள் அம்மா. அவன் பிடித்துக்கொள்ள, அவள் தொட்டியைச் சுற்றிலும் தட்டித் தட்டிச் செடியை மண்ணோடு உருவினாள். உள்ளே வேர்கள் நூல்கண்டு மாதிரி சுற்றிக் கிடந்தன. வெட்டுவதற்கு வாகாக மருமகள் கத்தரிக்கோலை நீட்டினாள். துணி வெட்டும் கத்தரிக்கோலில் காகிதத்தைக்கூட வெட்ட விடாத அம்மா, மருமகளை ஒரு முறை முறைத்துவிட்டுக் கத்தியை வாங்கிக் குட்டியைப் பக்குவமாகப் பிரித்தெடுத்தாள்.

இன்னும் பெரிய தொட்டியாக வாங்கியிருக்கலாமே, அடிக்கடி மாற்ற வேண்டியிருக்காதே என்று மகன் கேட்டான். லீவு நாளிலும் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை அம்மா ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். “வேரைச் சுத்தி ஒரு விரல் இடம் இருந்தாப் போதும். தொட்டி ரொம்பப் பெரிசா இருந்தா ஈரம் தங்கி வேர் அழுகிடும். இடமே இல்லன்னா மூச்சு முட்டிடும்.”

மூச்சு முட்டுவது பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதுத் தொட்டிகளின் ஓட்டைமேல் ஓட்டுத்துண்டு வைத்து, மணல் கலந்த மண்ணைப் போட்டு இரண்டையும் தனித்தனியாக நட்டாள். மருமகள் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். வெட்டின காயம் ஆறட்டும், கொஞ்ச நாளைக்குச் சொட்டுத் தண்ணீர் கூடாது என்று அவளையும் திருப்பி அனுப்பினாள். “வெளிச்சமே வராத மூலைல வெச்சாலும் வளர்ற செடியாக் கொடுங்கன்னு கேட்டேன். நர்சரிக்காரர் இதைத்தான் கொடுத்தார்.”

மகனுக்குச் சிரிப்பு வந்தது. மத்தியான வெயில் அடித்து அடித்து இந்த ஹால் சோபாவே வெளுத்துப்போயிருக்கிறது. நர்சரிக்காரர் அம்மாவின் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டார் என்று கேலி செய்தான். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குட்டியை ஜன்னலோரமும் பெரியதை வாசல் பக்கமும் வைக்கச் சொன்னாள்.

வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் முன்பு வரை ஒட்டிக்கொண்டிருந்த இரண்டும் ஆளுக்கொரு மூலையில் நின்றன. இனியும் மறைத்தால் சோறு இறங்காது என்று தோன்றிவிட, வீடு பார்த்தது, கைநழுவியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்.

“உன்னை விட்டுட்டுப் போகணும்னு இல்லம்மா. உன் கடைக்கு எதிர்லயே இருக்கேன்னுதான்...”

அம்மா கையிலிருந்த மண்ணைப் பெட்ஷீட்டில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று பயந்து மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்கோ அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது.

“ஒரு வாரமா எனக்கும் இதே அவஸ்தைதான்டா. நெனச்சா நெனச்ச நேரத்துல விளக்கைப் போடணும், காலை நீட்டிப் படுக்கணும்னு எனக்கும் இருக்காதா? எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, மொதல்ல செடியை வாங்கிட்டு வந்துட்டேன்.”

மகன் ஒன்றும் புரியாமல் விழித்தான். மருமகள்தான் வாசல் பக்கம் இருந்த பெரிய செடியைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அத்தை, அப்போ அந்த வீட்டை...”

“முந்திக்கிட்டது நான்தான்.”