குடையின் கீழ் ஒரு ராஜா

ஆளற்றுப் போன பண்ணையின் மண்ணுக்குள் ஒரு வெள்ளி நாணயம் கிடந்தது. முகத்தில் ராஜா தலை பொறித்திருந்ததால் அது தன்னையே ராஜாவாக எண்ணிக்கொண்டது. வெளியே வந்து நாலு பேர் பார்க்க மின்ன வேண்டும் என்பதே அதன் நூறு வருஷத்து ஆசை. அதற்கு நேர் மேலே, காளைக் குளம்பிலிருந்து கழன்று விழுந்த ஓர் இரும்பு லாடம் குடைபோல் கவிந்து கிடந்தது.

"மகாராஜா, பழங்காசு தேடும் ஆள் மெட்டல் டிடெக்டரோடு வருகிறான். மழையில் மண் இளகியிருக்கிறது. சரிந்து வழி விடட்டுமா?" என்றது லாடம்.

"மடையா! குடை இல்லாமல் எந்த ராஜாவாவது வெளியே கிளம்புவானா? அசையாதே!"

கருவி தலைக்கு மேலே வந்தது. துருப்பிடித்த ஆணிகளைத் தோண்டித் தோண்டி இடுப்பொடிந்த அந்த ஆள், இரும்பைக் கண்டால் சத்தம் போடாதபடி அதைத் திருகி வைத்திருந்தான். அடியிலிருந்த வெள்ளியை லாடம் மறைத்துவிட, இரும்பை மட்டுமே கண்ட கருவி சத்தமில்லாமல் கடந்துபோனது. காலடி ஓசையும் தேய்ந்தது.

"போய்விட்டான், மகாராஜா," என்றது லாடம் மெதுவாக.

"கவனித்தாயா?" என்றது நாணயம். "குடையைக் கண்டதும் வாய்பொத்தி ஒதுங்கிப் போகிறார்கள். மரியாதை தெரிந்தவர்கள்!"