திரும்பச் சிவந்த குழாய்

ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் காய்ச்சல்காரர்களின் இரத்தத்தைச் சோதிப்பவள் விக்னேஸ்வரி. கண்ணாடிக் குழாயில், தங்க நுண்துகள் மிதக்கும் சிவப்புத் திரவத்தில் இரத்தத்தின் தெளிநீரைச் சேர்ப்பாள். கிருமியின் நஞ்சு இருந்தால் அது நீலமாகும். நீலமானது திரும்பச் சிவக்காது.

கொழுந்து பறிக்கும் திருமாறனுடைய குழாய் நீலமானது. மூன்றாம் நாள் அவனை எரித்துவிட்டு வந்தார்கள்.

இன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்தால், அவன் குழாய் சிவப்பாக இருந்தது. ஒட்டியிருந்த பெயர் அவள் கையெழுத்துதான். சந்தேகம் நர்ஸ் உஷா மேல் விழுந்தது.

"குழாய மாத்தி வச்சியா?"

"நான் தொடவே இல்ல லா, அக்கா. பூட்டுச் சாவி ஒங்க கழுத்துலதானே தொங்குது?"

விக்னேஸ்வரி நம்பவில்லை. குழாயைக் கையில் எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி ஆட்களின் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கருமாதி முடியும்வரை செத்தவர் பெயரை இங்கே ஏட்டிலிருந்து அடிக்கமாட்டார்கள். அந்தப் பெயரைக் கூப்பிட்டதும், எல்லாரும் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள். நேற்றும் அப்படித்தான் நின்றார்கள்.

"திருமாறன்!"

கங்காணி இன்று நிற்கவில்லை. ஏட்டில் ஆள் வந்ததாகக் குறித்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.