மூன்றரை அடி ஆழம்

"முட்டிவலிக்கு முட்டி நனைஞ்சாப் போதாதா? மூணரை அடி ஆழம் என்னத்துக்கு ஜெயா?"

கிதியோன் குளியல் தொட்டியின் வரைபடத்தை மேஜைமேல் விரித்து, அது சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் தம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். உப்பல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அளவு சரிபார்க்கும் வேலை. ஹப்சிகுடா வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி மட்டும் செருப்போடு வாசலில் நிற்காது. எதிரே ராமசுவாமி மேஸ்திரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் சொன்னாருங்க. கழுத்து வரைக்கும் சுடுதண்ணியில உக்காரணுமாம்" என்றாள் ஜெயசுந்தரி.

"உக்காந்தா ரெண்டடியிலேயே கழுத்து வந்துடுமே."



முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. முழுத் தொட்டியை முட்டிவலியில் மறைக்கப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். பிறந்தபோது ஞானஸ்நானத்தில் தலையில் தெளித்த தண்ணீரே ஆயுசுக்கும் போதும் என்பது அவர்கள் சபையின் சட்டம். பாஸ்டர் ஜேம்ஸ் நடத்தும் சின்னச் சபையிலோ, ஆளையே தண்ணீருக்குள் முழுக்கி எடுப்பார்கள். ஒரு வருடமாக, முட்டிக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமைதோறும் அங்கே பெண்கள் ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள் ஜெயசுந்தரி. முழுக்கு எடுக்க மனசு கிடந்து தவித்தது. அங்கே முழுக்குக் கொடுப்பது ஏரியில்; அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். அதனால்தான் இந்த வெந்நீர்த் தொட்டி.

இது வெளியே தெரிந்தால் சபைப் பதிவேட்டிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். மகள் செலினுக்கு ஜனவரியில் தங்கள் சபைக் கோயிலில்தான் கல்யாணம். போன வருடம் முழுக்கு எடுத்த தனசிங் குடும்பத்தின் பேரை அடித்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் சபைச் செயலாளர். போட்டதோடு நிற்காமல், நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தார்.

அந்தச் செயலாளர்தான் இப்போது சிவப்புப் பென்சிலோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சடி நீளம், மூணடி அகலம், மூணரை அடி ஆழம். ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் பிடிக்கும். ஒரு ஆள் குளிக்க நூறு குடம் சுடுதண்ணியா மேஸ்திரி?"

"ஹவ் சார், நூறு குடம்தான். வெளியில ரெண்டு டிரம்மு வெச்சு, மரத்தூள் அடுப்புல காய்ச்சி, பைப்புல உள்ளே விட்டுடலாம். கீசர்லாம் நக்கோ, வேணாம். இதுக்குத் தாங்காது."

"உள்ளே இறங்க மூணு படி வேற போட்டிருக்கே?"

"அம்மாதான் கேட்டாங்க."

கிதியோன் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். மடியில் கனம் இருக்கிறதே, அவள் கை தானாக முட்டிக்குப் போனது.

"முட்டி மடங்காதே, படி இல்லாம எப்படி இறங்குறது?" என்றாள்.

"சரி. மொத்தம் எவ்வளவு?"

"நாலாயிரத்து எண்ணூறு சார்."

"சீட்டுப் பணம் மூவாயிரம் எங்கிட்ட இருக்கு" என்று முந்திக்கொண்டாள் ஜெயசுந்தரி.

"மிச்சம் ஆயிரத்து எண்ணூறு? பி.எஃப். பணம் கல்யாணத்துக்கு. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

"ஏங்க, ஆறு மாசமா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஓவர்டைம்னு ராத்திரி ஒன்பது மணிக்கு வர்றீங்களே, அந்தப் பணம் எங்கே?"

கிதியோனின் பென்சில் நின்றது. காதோரம் சிவந்தது. மேஸ்திரி பார்வையைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அது... வேற செலவு ஆயிடுச்சு."

வேற செலவா? என்ன செலவு என்று ஜெயசுந்தரிக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் கேட்க முடியவில்லை. இவள் ஒரு கேள்வி கேட்டால் அவர் பத்துக் கேள்வி கேட்பார்.

"வேலை எப்ப முடியும் மேஸ்திரி?" கிதியோன் பேச்சை மாற்றினார்.

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி முடிச்சிடலாம் சார்."

"வேண்டாம். கல்யாணம் முடியட்டும். பிப்ரவரிக்கு மேலே வெச்சுக்கலாம். அதுவரைக்கும் இந்த வீட்டுல தொட்டிங்கிற பேச்சே வெளியே போகக் கூடாது."

அவ்வளவுதான், தொட்டி போச்சு என்று நினைத்தாள் ஜெயசுந்தரி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தெரிந்துவிட்டது இவருக்கு. கல்யாணம் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு தனசிங்குக்கு எழுதிய அதே பேனாவால் பெண்டாட்டிக்கும் கடிதம் எழுதுவார்.

கிதியோன் பட்டியலில் பென்சிலை ஓடவிட்டார். வெள்ளை டைல்ஸை அடித்தார். கண்ணாடி ஜன்னலை அடித்தார். "வெறும் சிமென்ட் பூச்சுப் போதும். இதுல ஆயிரம் மிஞ்சும்."

பிறகு வரைபடத்துக்கு வந்தார். படிகளைத் தொடவில்லை. ஆழத்தைத் தொடவில்லை. ஐந்தடி என்று இருந்த நீளத்தை மட்டும் சிவப்பாக அடித்தார்.

'குறைக்கப் போறாரு' என்று ஜெயசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார்!" மேஸ்திரியின் குரல் அவளை உலுக்கியது. "ஏழடின்னு எழுதியிருக்கீங்க! அம்மா உயரத்துக்கு அஞ்சடியே ஜாஸ்தி சார்."

கிதியோன் தலை நிமிரவில்லை. கவிழ்ந்திருந்த தம்ளர் ஒன்றை எடுத்து மனைவி பக்கமாக நகர்த்தினார்.

"அம்மாவுக்குப் போதும் மேஸ்திரி. நான் அஞ்சே முக்கால் அடி. பின்னால சாய்ச்சு முழுக்கும்போது தலை சுவத்துல இடிக்கக் கூடாதுன்னு, போன செவ்வாய்க்கிழமைதான் பாஸ்டர் ஜேம்ஸ் எங்கிட்ட சொன்னாரு."