தூக்குவதற்கு ஓர் ஆள்

“அடிமைகளைப் பத்தி எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீங்க. ஆனா வீட்டு வேலைக்காரப் பிள்ளைய மூட்டை தூக்க வைக்கிறீங்க. அது மட்டும் சரியா டீச்சர்?”

புஷ்பவல்லி கேட்டேவிட்டாள்.

பக்கத்தில் இருந்த வாசு அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். “ஏய், உட்காரு லா!”

அவள் உட்காரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் கோயில் பின்மண்டபத்தில் மீனலோசனி டீச்சர் சனிக்கிழமை தோறும் நடத்தும் வாசிப்பு வட்டம் அது. வருகிறவர்கள் எல்லாம் நான்காம் படிவம் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகள். எண்பத்திரண்டாம் வருஷம் அவர்கள் கையில் இருந்தது ஓர் ஆங்கில நாவல். கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்பட்ட ஒரு கறுப்பினச் சிறுமியின் கதை. ஓர் அத்தியாயம் வாசிப்பார்கள், பிறகு ஆளுக்கு ஆள் சண்டை பிடிப்பார்கள்.

போன மாசம் ஒருநாள் டீச்சர் கேட்டிருந்தார்: “அடிமை முறைய ஒழிச்சாச்சு. அப்புறம் கரும்பு வெட்ட ஆள் எங்கேயிருந்து வந்தது?”

“கப்பல்ல, நம்மாளுங்கதான் டீச்சர். ஒப்பந்தக் கூலியா” என்றான் வாசு.

அன்று முழுக்கப் புஷ்பவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தாத்தாவும் அப்படித்தான், கப்பலேறி இந்த நாட்டுக்குத் தண்டவாளம் போட வந்தவர். குடும்பம் இன்னும் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மாரியாயி அவள் கண்ணில் பட ஆரம்பித்தாள். ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை, பதினாலு வயதிருக்கும். நாவல் பிரதிகளை எல்லாம் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு டீச்சர் பின்னாலேயே வருவாள். மூட்டையை இறக்கிவிட்டு, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் ஒருநாள்கூட அவளை உள்ளே கூப்பிட்டதில்லை. டீச்சர் வீட்டு வேலைக்காரி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா?

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேக்கவேண்டிய கேள்விதான், புஷ்பவல்லி. இப்ப அடுத்த அத்தியாயத்த எடுங்க.”

அவ்வளவுதான். பதில் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் பேச்சை மாற்றுவார்கள் என்று நினைத்தாள் புஷ்பவல்லி.

வீட்டுக்குப் போகும் வழியில் வாசுவைப் பிடித்துக்கொண்டாள். “கேட்டா மட்டும் போதாது வாசு. நம்மளே போய்த் தூக்கணும்.”

அடுத்த சனிக்கிழமை, வட்டத்துப் பிள்ளைகள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றாள். தெருவே திரும்பிப் பார்த்தது. டீச்சர் மூட்டையோடு வெளியே வந்தார்.

புஷ்பவல்லி நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“டீச்சர்! இனிமே மூட்டை தூக்க அந்தப் பிள்ளை வேணாம். நாங்களே தூக்குறோம்!”

வாசு மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். டீச்சரின் முகம் வெளுத்துப்போயிற்று.

அப்போது பக்கத்து வீட்டு வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்படியோ மீனலோசனி? நல்லதாப் போச்சு. சனிக்கிழமையானா இவளை அனுப்பிட்டு நான்தான் எல்லா வேலையும் பாக்க வேண்டியிருந்திச்சு.”

பூரணம் ஆன்டி. அவர் பின்னால், தலை வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றாள் மாரியாயி.

“மாரியாயி, உள்ள போ. ஊறப்போட்ட போர்வையெல்லாம் துவைக்கணும்.”

மாரியாயி டீச்சரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

புஷ்பவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. “டீச்சர்... அவ உங்க வீட்டுப் பிள்ளை இல்லியா?”

“எங்க வீட்டுல வேலைக்கு ஆளே கிடையாதும்மா.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “அவளைப் படிக்க அனுப்புங்கன்னு எத்தனையோ தரம் கேட்டுப் பாத்தேன். வேலைக்காரிக்கு என்ன படிப்புன்னாங்க. எனக்கு முதுகு வலி, மூட்டை தூக்க ஒரு ஆள் வேணும்னு கேட்டேன். உடனே அனுப்பிட்டாங்க.”

டீச்சர் வாசுவின் தோளில் இருந்த மூட்டையைத் தொட்டார்.

“போற வழியில நான் ஒரு பக்கம் படிச்சுக் காட்டுவேன். திரும்பி வரும்போது அவ எனக்குப் படிச்சுக் காட்டுவா. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்டா.”

“அப்புறம் ஏன் டீச்சர் வாசல்லயே...”

“உள்ள புத்தகத்தோட உக்காந்தா, யாராச்சும் பூரணத்துக்கிட்ட சொல்லிடுவாங்க. வாசல்ல இருந்தாலும் நீங்க பேசுறதெல்லாம் அவளுக்குக் கேக்கும்.”

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்!”

“இத்தனை பேர் முன்னாலயா? சாயந்தரத்துக்குள்ள வேலிக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். இனிமே மறைக்க என்ன இருக்கு? பரவாயில்ல. நீ கேட்டதுல தப்பு இல்ல.”

பக்கத்து வீட்டுப் பின்பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

வாசு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் புஷ்பவல்லியைப் பார்த்தான். அவள் வேலியைப் பார்த்தாள். போன வாரம் மண்டபத்தில் எழுந்து நின்றபோதுகூட இவ்வளவு தயங்கவில்லை.

“அதக் கீழ போடு வாசு.”

“என்னது?”

“போடு லா!”

மூட்டை பொத்தென்று விழுந்தது. புஷ்பவல்லி வேலியோரம் போய், எக்கி நின்று, முடிந்த மட்டும் பணிவாகக் கூப்பிட்டாள்:

“ஆன்டி... மூட்டை ரொம்பப் பாரமா இருக்கு, எங்களால முடியல. தூக்குறதுக்கு உங்க வீட்டு வேலைக்காரப் பிள்ளையக் கொஞ்சம் அனுப்புறீங்களா?”