மறுபாதியும் அதேதான்

திரையில் பேரிக்காய்.

ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் சூம்பி. அவள் கணக்கிட்ட அணுக்கருவுக்கு அந்த வடிவத்தில்தான் ஆற்றல் மிகக் குறைவு. அப்படி இருக்கத்தான் அதற்குப் பிடித்திருக்கிறது.

பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை.

“தர்பூசணி மாதிரில்ல வரணும்? போன வருஷம் வந்துச்சே.”

வந்தது. வராமல் என்ன செய்யும். அவர் எழுதிய நிரலில் ஒரு வரி உண்டு. பாதியைக் கணக்கிடு, கண்ணாடியில் தெரிவதுபோல மறுபாதியும் அதேதான். கணினிக்கு நேரம் மிச்சம்.

அவருடைய மாணவர்கள் எல்லோரும் அந்த நிரலை ஓட்டினார்கள். இவள் படித்தாள்.

அந்த வரியை எடுத்துவிட்டு, முழுசாக ஓட்டினாள்.

“அதை யாரும்மா உன்னைத் தொடச் சொன்னா?”

“சார், பேரிக்காய் சீசன் சார்,” என்றான் சீனியர் பிரசன்னா.

சிரித்தார்கள். பேராசிரியரும்.

“வரியைத் திரும்பப் போடு. வெள்ளிக்கிழமை கட்டுரை போயாகணும். உன் பேரும் இருக்குல்ல.”

இருக்கிறது. மூன்றாவதாக. அவள் வீட்டில் யார் பெயரும் ரேஷன் கார்டைத் தாண்டி அச்சில் வந்ததில்லை.

ஏன் தப்பு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கேட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

விடுதி அறை. இரண்டு கட்டில். இவள் பக்கம் புத்தகம், வாளி, கொடியில் ஈரச் சுடிதார்.

அந்தப் பக்கம் வெறும் பலகை.

அந்தக் கட்டிலுக்கு வந்த பெண் முதலில் ஊரைக் கேட்டாள். அப்புறம் தெருவைக் கேட்டாள். அந்த வாரமே வேறு அறை கிடைத்துவிட்டது என்றாள்.

கதவைப் பாதி திறந்து இவள் பக்கத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இங்கே இரண்டு பேர் இருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

மடிக்கணினியில் கட்டுரையைத் திறந்தாள். தர்பூசணி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. யாரோ அந்த வரியோடு ஓட்டிக் கொடுத்துவிட்டார்கள். மேலே நான்கு பெயர்கள்.

மூன்றாவதன் பின்னால் கர்சரை வைத்தாள்.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். கடைசி எழுத்தில் கொஞ்சம் நின்றாள். அதையும் அழித்தாள்.

பேரிக்காய் அவளுடைய கோப்பில் இருந்தது. அதைத் தொடவில்லை.

போன் அடித்தது. அம்மா. வாரம் பூராவும் ஒரே கேள்வி.

“பேரு வந்துருச்சாடீ?”

“வராதும்மா.”

ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வது என்று யோசித்தாள். பாதி என்று ஆரம்பிக்கலாமா, கண்ணாடி என்று ஆரம்பிக்கலாமா.

மறுமுனையில் அம்மா எதுவும் கேட்கவில்லை.

வைக்கவும் இல்லை.